தெரியாது என்று சொல்லும் திரை

எங்கள் ஊரான மங்கலத்தில் தேஜஸ் போர்விமானத்தைப் பார்க்க யாரும் தனியாகக் கிளம்பிப் போவதில்லை. மேற்கே சாமளாபுரம், சோமனூர் தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம். 2016-இல் பெங்களூருவில் உருவான தேஜஸின் முதல் அணி, விமானப்படையின் 45-ஆவது அணி, 2018-இல் அங்கே வந்து சேர்ந்தது. 18-ஆவது அணி 2020 மே 27 அன்று சூலூரிலேயே தேஜஸோடு பறக்கத் தொடங்கியது. தறிக்குடோன் சத்தத்தையும் மீறி வானத்தில் ஓர் உறுமல் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். சத்தம் வந்த திசையில் விமானம் இருக்காது. அதற்குள் வெகுதூரம் முன்னே போயிருக்கும். டீக்கடைப் பேச்சு எஞ்சினைப் பற்றிப் போகும், ஏவுகணையைப் பற்றிப் போகும், விலையைப் பற்றிப் போகும். எனக்கு அந்த நேரத்தில், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்பதில்தான் மனம் போய் நிற்கும்.

அவருக்கு முன்னால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மூன்று சதுரத் திரைகள். அவற்றுக்கு மேலே, கண்மட்டத்தில், சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி. ஹெட்-அப் டிஸ்ப்ளே என்கிற அந்தக் கருவியை உருவாக்கியது சண்டிகரில் இருக்கும் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம். வேகம், உயரம், மூக்கு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதெல்லாம் பச்சைக் கோடுகளாகவும் எண்களாகவும் அந்தக் கண்ணாடியில் விழும். அந்த எண்கள் வெகுதொலைவில் மிதப்பதுபோல் தெரியும்படி லென்ஸ்களை அமைத்திருப்பார்கள். மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், எண்ணைப் படிப்பதற்காகத் தன் குவியத்தைக் கிட்டத்துக்கு இழுத்து, மறுபடி தொலைவுக்குத் தள்ள வேண்டிய வேலை மிச்சம்.

இப்படி ஒன்றைச் செய்துமுடித்ததும் சோதனைகள் தொடங்கும். உச்சி வெயிலில், வெள்ளை மேகம் பின்னால் இருக்கும்போதும் எழுத்து தெரிய வேண்டும். அதே எழுத்து நள்ளிரவில் கண்ணைக் கூசக் கூடாது. விமானி இரவுப்பார்வைக் கருவியை மாட்டியிருந்தால், திரையிலிருந்து கசியும் சிவப்பு ஒளி அந்தக் கருவியைத் திணறடித்துவிடக் கூடாது. விமானம் புரண்டதற்கும் திரையில் கோடு சாய்வதற்கும் நடுவே நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் கூடிவிட்டாலே சிக்கல்தான். விமானி பழைய படத்தைப் பார்த்து ஸ்டிக்கை அசைப்பார், அதன் விளைவும் தாமதமாகத் தெரியும், மறுபடி திருத்துவார், விமானம் ஊசலாடத் தொடங்கிவிடும். குளிர், சூடு, அதிர்வு, மின்னல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. கடினமான வேலைதான், ஆனால் இவற்றை அளந்துவிட முடியும். அளவுகோலுக்கு அவ்வளவு எளிதில் வசப்படாத ஒன்று இருக்கிறது. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரமான உதாரணம் உண்டு.

1978 ஜனவரி முதல் தேதி இரவு, பம்பாய் சாந்தாகுரூசிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855, ‘எம்பரர் அசோகா’ என்ற போயிங் 747, புறப்பட்ட இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இத்தகைய விமானங்களில் விமானியின் நேர்முன்னே செயற்கைத் தொடுவானம் என்று ஒரு கருவி இருக்கும். மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி பழுப்பு, நடுவில் ஒரு கோடு. வெளியே ஒன்றும் தெரியாத இருட்டிலும் மேகத்திலும் எது மேல், எது கீழ் என்று சொல்வது அந்தக் கோடுதான். அன்றைக்கு விமானம் மெல்ல வலப்பக்கம் திரும்பி, பிறகு இறக்கைகள் சமநிலைக்கு வந்துவிட்டன. கேப்டனின் கருவி மட்டும் இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்தார். கருவி மாறவில்லை, இன்னும் சாய்த்தார். துணை விமானியின் கருவி என்ன காட்டுகிறது என்பதிலும் அறைக்குள் குழப்பம். மூன்றாவதாக இருந்த மாற்றுக் கருவியைப் பார்க்கச் சொல்லி ஃபிளைட் எஞ்சினியர் எச்சரிக்க முயன்றார். கீழே இருண்ட கடல், மேலே கரிய வானம், இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு விளக்குவரிசைகூட இல்லை. விமானம் இடப்பக்கம் கவிழ்ந்தபடி தண்ணீரில் விழுந்தது.

தயாரிப்பாளர்கள் மீது தொடுத்த வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் 1985-இல் நிற்கவில்லை. சட்டத்தின் கேள்வி வேறு. என்னைக் குடைவது இன்னொன்று. எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும், அதில் அதிசயம் இல்லை. அந்தக் கருவி பழுதான பிறகும், பழுதாவதற்கு முந்தைய நொடியில் இருந்த அதே தெளிவோடும் அதே நிறத்தோடும் பேசிக்கொண்டே இருந்தது. தனக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து நிட்டிங் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வட்டமாகச் சுழலும் மெஷினைச் சுற்றி, மேலே கோன்களிலிருந்து நூல் இறங்கும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு ஃபீடர், ஒவ்வொரு ஃபீடரிலும் ஒரு சின்னக் கம்பி நூலின் இழுவிசையில் தூக்கிக்கொண்டு நிற்கும். நூல் அறுந்தால் கம்பி விழும், மெஷின் அந்த இடத்திலேயே நிற்கும், எந்த ஃபீடரோ அதில் சிவப்பு விளக்கு எரியும். நைட் ஷிப்டில் பத்து மெஷினைப் பார்க்கிறவர் ஒவ்வொரு நூலையும் பார்ப்பதில்லை. விளக்கு எரிகிறதா என்றுதான் பார்வையை ஓட்டுவார். அந்தக் கம்பியில் பஞ்சுத் தூசி அடைந்து சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது நூல் அறுந்தாலும் விளக்கு எரியாது, மெஷின் ஓடும், காலையில் ரோலை விரித்தால் துணி நெடுக ஓட்டை. முப்பது வருசமாக மெஷின் ஓட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “நின்னா நல்லதுங்க. நிக்காம ஓடுனாத்தானுங்க வம்பு.”

விமானத்தை நிறுத்த முடியாது. அங்கேதான் திரை செய்கிறவர்களின் வேலை நம் தொழிலைவிட்டு வெகுதூரம் விலகிப் போகிறது. சந்தேகம் வந்தால் நின்றுவிடும் வசதி அவர்களுக்கு இல்லை. பறந்துகொண்டே, எதைத் தான் இனி சொல்ல முடியாது என்பதை அந்தக் கருவி சொல்ல வேண்டும். அதனால் இன்றைய விமானங்களில் சாய்வைக் கணக்கிடும் சாதனங்கள் இரண்டோ மூன்றோ தனித்தனியாக இருக்கும், ஒன்றை ஒன்று ஒப்பிட்டுக்கொண்டே போகும். கேப்டன் பக்கத்துத் திரையும் துணை விமானி பக்கத்துத் திரையும் முரண்பட்டால் சாய்வைச் சரிபார் என்று இரண்டிலும் எழுத்து தோன்றும். ஒரு பக்கத்துச் சாதனம் செத்துவிட்டால் நீலமும் பழுப்பும் முழுக்க மறைந்து, கருந்திரையில் சிவப்பாக ஒரு சொல் மட்டும் நிற்கும். இல்லாத தொடுவானத்தை விமானி நம்புவதைவிட, தொடுவானமே இல்லாத திரையைப் பார்த்து மாற்றுக் கருவிக்குக் கண்ணைத் திருப்புவது மேல். சான்றளிக்கும் விதிகளும் இதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன: ஒரு பக்கத் திரை அணைந்து போவதைவிட அது தவறாகக் காட்டுவது பெரிய ஆபத்து என்றே வகைப்படுத்துகின்றன.

கண்ணாடித் திரைகள் வந்தபோது இந்தப் பழைய ஆபத்து புது வேடத்தில் திரும்பி வந்தது. முள் வைத்த கருவியில் மின்சாரம் போனால் ஒரு கொடி விழுந்து முள்ளை மறைக்கும். எல்சிடி திரையோ, உள்ளே கணினி உறைந்துபோனால், கடைசியாக வரைந்த படத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். வேகம் சரியாக இருக்கும், உயரம் சரியாக இருக்கும், கோடு நேராக இருக்கும். எல்லாம் இரண்டு நொடிக்கு முந்தைய உண்மை. நிதானமாகப் பறக்கிற விமானத்தில் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நிதானமான பறத்தலில் திரை அசையாமல்தானே இருக்கும்? ஆகவே படம் வரையும் சில்லைக் கண்காணிக்க இன்னொரு சுற்று. வரையச் சொன்னதும் வரைந்து முடித்ததும் ஒன்றுதானா என்று அது திரும்பத் திரும்பப் பார்க்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் திரையை இருட்டாக்கிவிடும். ஒரு பொறியாளரின் உழைப்பில் கணிசமான பங்கு, தான் செய்ததைச் சரியான தருணத்தில் அணைப்பதற்குப் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு அந்தத் தொழில்மேல் பெரிய மரியாதை வருகிறது.

இதை எப்படிச் சோதிப்பது? எல்லாத் திரைகளும் சேர்ந்து பொய்யான தொடுவானத்தைக் காட்டும் வாய்ப்பு 100 கோடி பறப்பு மணிக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது பயணிகள் விமானங்களுக்கான எதிர்பார்ப்பு. ஒரு விமானம் இறங்காமல் பறந்தால் 100 கோடி மணி ஆவதற்கு ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருடம் ஆகும். ஓட்டிப் பார்த்து உறுதிசெய்கிற கணக்கில்லை இது. நிரலின் ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது, எந்தச் சோதனை அதைத் தொட்டது, அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியாக முடிவை மாற்றுகிறதா என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். நம் ராணுவ விமானங்களுக்கு இந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துச் சான்று தருவது பெங்களூருவில் இருக்கும் செமிலாக். நிரல் எழுதுகிற நேரத்தைவிட அதை நிரூபிக்கிற நேரம் அதிகம். 1984-இல் தேஜஸுக்கான நிறுவனம் தொடங்கி, 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் முதன்முதலாக அதைப் பறக்கவிடும்வரை ஆன காலத்தைத் தாமதம் தாமதம் என்றே பத்திரிகைகள் எழுதின. தாமதத்துக்கு வேறு பல காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பகுதியாவது இப்படிப் பொறுமையாக நிரூபிப்பதில் போயிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஆனால் திரை தன் தெரியாமையைச் சொன்னால் போதும் என்று முடித்துவிடவும் முடியவில்லை. 2009 ஜூன் முதல் தேதி, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் ஃபிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகம் அளக்கும் குழாய்களைப் பனி அடைத்துக்கொண்டது. தானியங்கி தன்னால் முடியாது என்று விலகிக்கொண்டது, அதுவரை நியாயம்தான். விமானி மூக்கைத் தூக்கினார், விமானம் காற்றில் தாங்கும் திறனை இழந்து விழத் தொடங்கியது, எச்சரிக்கை ஒலி விடாமல் ஒலித்தது. வேகம் மணிக்கு 60 கடல்மைலுக்கும் கீழே என்று அளவி சொன்னதும், இவ்வளவு குறைந்த வேகத்தில் காற்றுக்கோணத்தை நம்ப முடியாது என்று கணினி அந்த அளவைத் தள்ளிவிட்டது. அளவு இல்லை என்றால் எச்சரிக்கையும் இல்லை, ஒலி நின்றுவிட்டது. விமானி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தும்போது வேகம் ஏறி, அளவு மறுபடி செல்லுபடியாகி, எச்சரிக்கை திரும்ப ஒலித்தது. சரியானதைச் செய்தால் கூச்சல், தவறானதைச் செய்தால் அமைதி. கணினியைப் பொறுத்தவரை அந்த மௌனத்துக்குத் தெரியாது என்று பொருள். இருட்டில், புயலுக்குள், பீதியில் இருக்கும் ஒரு மனிதருக்கு அது அப்படிக் கேட்டிருக்க வழியில்லை. அறியாமையைத் தெரிவிக்க மௌனம் போதாது. அதற்கென்று தனிக் குரலும் தனி உருவும் வேண்டும் என்பதை எத்தனை பேர் உயிர் கொடுத்துக் கற்பித்திருக்கிறார்கள்!

உண்மையைச் சொல்லியும் பயனில்லாமல் போன திரை ஒன்றும் நம்மிடம் உண்டு. 1990 பிப்ரவரி 14, இந்தியன் ஏர்லைன்ஸ் 605. பம்பாயிலிருந்து பெங்களூருவுக்கு வந்த ஏ320. அந்த ரக விமானங்கள் நம் நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இறங்கும்போது எஞ்சின்கள் குறைந்தபட்ச விசையிலேயே நிற்கும் ஒரு முறையில் விமானம் சிக்கிக்கொண்டது. ஓடுபாதைக்கு முன்னால் கால்ஃப் மைதானத்தில் மோதி, 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். எந்த முறையில் இருக்கிறது என்பதைத் திரை சொல்லிக்கொண்டுதான் இருந்தது: திரையின் உச்சியில், ஓர் ஓரத்தில், சில எழுத்துகளில். பழைய விமானங்களில் தானியங்கி விசையைக் குறைத்தால் விசைக்கோலும் கூடவே பின்னுக்கு நகரும், கையில் தட்டுப்படும். ஏ320-இல் கோல் அசையாது. கைக்கு வந்துகொண்டிருந்த செய்தியை எடுத்து, ஏற்கெனவே வேலை மிகுந்த கண்ணிடம் ஒப்படைத்திருந்தார்கள். விசாரணை விமானிகளிடம்தான் முதன்மையான குறையைக் கண்டது. அவர்கள் வேகம் குறைவதைக் கவனித்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். இரண்டு அனுபவசாலிகள் சேர்ந்து ஒரே எழுத்தைப் பார்க்காமல் விட்டார்கள் என்றால், எழுத்தை எங்கே வைத்தோம், எவ்வளவு பெரிதாக வைத்தோம் என்பதற்கும் அதே அளவு பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த எண்ணம் புதிதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1947-இல், பால் ஃபிட்ஸும் ஜோன்ஸும் அமெரிக்க விமானிகள் கருவிகளைத் தவறாகப் படித்த 270 சம்பவங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். மூன்று முள் வைத்த உயரமானியில் ஆயிரத்தையும் பத்தாயிரத்தையும் மாற்றிப் படிப்பது அதில் அடிக்கடி வந்தது. விமானியின் பிழை என்று கோப்பில் முடிக்கப்பட்டவற்றை எடுத்து, கருவியின் பிழை என்று அவர்கள் திரும்ப எழுதினார்கள். பிரான்ஸில் 1992 ஜனவரி 20 அன்று ஸ்ட்ராஸ்பர்க் அருகே மலையில் மோதிய ஏர் இன்டர் ஏ320-இல் 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணம் 3.3 பாகை என்பதும், நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கம் என்பதும் இறக்கத்தை அமைக்கும் பலகையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் நடுவே புள்ளி இருக்கும், மற்றதில் இருக்காது. அதன் பிறகு இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள். மாற்றம் என்று பார்த்தால் இரண்டு சைபர்.

சூலூரை எழுதும்போது குரூப் கேப்டன் வருண் சிங்கை விட்டுவிட முடியாது. 2020 அக்டோபர் 12 அன்று அவர் தேஜஸில் தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது உயரத்தில் காற்றழுத்த அமைப்பும், அடுத்துப் பறப்புக் கட்டுப்பாடும் கைவிட்டன. விமானம் கட்டுக்கடங்காமல் உயரத்தை இழந்தது. குதித்துத் தப்பும் வாய்ப்பு இருந்தும் அதை மீட்டுக் கொண்டுவந்து இறக்கினார். சௌர்ய சக்ரா பெற்றார். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்ஐ-17 ஹெலிகாப்டரில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோடு அவரும் இருந்தார். குன்னூர் அருகே அது விழுந்தது. மற்ற 13 பேரும் அன்றே இறந்தார்கள். அவர் ஒரு வாரம் போராடி, 15-ஆம் தேதி பெங்களூருவில் கண்மூடினார். மலைப் பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் புகுந்ததால் விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டு, கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியது என்று விமானப்படை 2022 ஜனவரியில் அறிவித்தது.

திசைமயக்கம் என்பது கலக்கமோ கவனக்குறைவோ அல்ல. நம் உள்காதில் இருக்கும் வளைந்த குழாய்களில் திரவம் ஓடித்தான் நாம் திரும்புவது நமக்குத் தெரிகிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் திரவமும் கூடவே சுழன்று, திரும்பவே இல்லை என்று உடல் சொல்லும். நேராக்கினால் எதிர்ப்பக்கம் திரும்புவதாகச் சொல்லும். எவ்வளவு பயின்றவருக்கும் காது இதையேதான் சொல்லும். பெங்களூருவின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் விமானிகளை ஒரு சிமுலேட்டரில் உட்காரவைத்து இந்த மயக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கி அனுபவிக்க வைக்கிறார்கள். சொந்த உடல் அடித்துச் சொல்லும்போது அதை மறுத்து, முன்னால் இருக்கும் நீலப் பழுப்புக் கோட்டை நம்பு என்று ஒரு மனிதரிடம் கேட்கிறோம். எவ்வளவு பெரிய வேண்டுகோள் அது. அந்தக் கோடு இதற்கு முன் அவரிடம் ஒருமுறைகூடப் பொய் சொல்லியிருக்கக் கூடாது.

ஆகவே திரையை மட்டும் மேசையில் வைத்துச் சோதிப்பது பாதி வேலை. மீதியைச் செய்ய மிகா எண்ட்ஸ்லி என்ற ஆய்வாளர் 1980-களின் இறுதியில் ஒரு வழி கண்டார். பின்னாளில் அவர் அமெரிக்க விமானப்படையின் தலைமை விஞ்ஞானியானார். விமானியைச் சிமுலேட்டரில் பறக்கவிட வேண்டும். அவர் வேலையில் மூழ்கியிருக்கும் ஏதோ ஒரு கணத்தில், முன்னறிவிப்பில்லாமல் எல்லாத் திரைகளையும் இருட்டாக்கி, சிமுலேட்டரை அப்படியே நிறுத்திவிட வேண்டும். பிறகு கேட்க வேண்டும்: இப்போது உங்கள் உயரம் என்ன? வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா? தானியங்கி எந்த முறையில் இருக்கிறது? திரை பிடித்திருந்ததா, எழுத்து தெளிவாக இருந்ததா என்று விசாரிப்பதில்லை; அவர் மனதில் என்ன தங்கியது என்பதுதான் அங்கே அளக்கப்படுகிறது. புதுத் திரையைப் பாராட்டியவர்களே இந்தக் கேள்விகளில் தடுமாறலாம். எந்தத் திரையைச் சோதித்தாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது அந்த மூன்றாவது கேள்வியை. பகலில் புத்துணர்ச்சியோடு வந்து உட்கார்ந்தவரிடம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் பறந்து களைத்த பிறகு, கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓடுபாதையை மாற்றிச் சொன்ன அதே நிமிடத்தில் இன்னொருமுறை. இரண்டாவது முறை பதில் தவறினால், எழுத்தின் இடத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.